வெளி யூனிட் முனகினால் கம்ப்ரஸர் போச்சு என்று அர்த்தமில்லை: சென்ட்ரல் ஏசியோடு சில வருட அனுபவம்

சென்ட்ரல் ஏசி ஸ்டார்ட் ஆகத் திணறுவது முதலில் காதில்தான் பிடிபடும். தெர்மோஸ்டாட் கேட்டதும் வெளி யூனிட்டில் கான்டாக்டர் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) 'டக்' என்று ஒட்டும், ஃபேன் சுற்றத் தொடங்கும். கம்ப்ரஸரிலிருந்து மட்டும் கனத்த ஒரு முனகல் வரும். வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்கும். சில நொடிகளில் முனகல் நின்றுவிடும், ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே காற்று வரும், குளிர்ச்சி வராது.

எங்கள் வீட்டு யூனிட் 3 டன், சிங்கிள் ஃபேஸ், இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை. இந்தத் தொல்லை தொடங்கியபோது பார்க்க வந்த முதல் மெக்கானிக் வெளி யூனிட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் ஜாம் ஆயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றார். மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. அதே கம்ப்ரஸர்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதே தீர்ப்பைக் கேட்டு நல்ல கம்ப்ரஸரைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஸ்டார்ட் ஆகும் அந்த அரை நொடிதான் கம்ப்ரஸரின் வாழ்க்கையிலேயே கடினமான நேரம். நின்ற வண்டியை முதல் அடி நகர்த்தத்தான் பலம் அதிகம் வேண்டும், உருள ஆரம்பித்துவிட்டால் ஒரு கை போதும். யூனிட்டின் பெயர்ப்பலகையிலேயே இது எழுதியிருக்கும். எங்களுடையதில் ஆர்.எல்.ஏ. 16.7, எல்.ஆர்.ஏ. 79. அதாவது ஓடும்போது 16, 17 ஆம்பியருக்குள் இழுக்கும் மோட்டார், சுற்ற முடியாமல் நிற்கும்போது 79 ஆம்பியர் வரை இழுக்கும். நல்ல நிலையில் இந்த இழுப்பு கண்ணிமைக்கும் நேரம்தான். மோட்டார் நகரவில்லை என்றால் அதே கரண்ட் சில நொடிகள் நீடிக்கும், மோட்டாரின் கம்பிச் சுற்று சூடாகும், கம்ப்ரஸருக்குள் இருக்கும் ஓவர்லோடு பாதுகாப்பு துண்டித்துவிடும். முனகல் நின்றதற்குக் காரணம் அதுதான்.

மீட்டரோடு வந்தவர் இரண்டாவதாக வந்த வயதான எலக்ட்ரீஷியன். அவர் கை முதலில் போனது கெப்பாசிட்டருக்கு. பெரும்பாலும் இங்கேதான் விடை கிடைக்கும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானாக எந்தப் பக்கமும் சுற்றாது. ஸ்டார்ட் சுற்று என்ற தனிக் கம்பிச் சுற்றில் கரண்ட்டைச் சற்று முன்தள்ளி அதற்குத் திசை காட்டுவது ரன் கெப்பாசிட்டர். பெரும்பாலான யூனிட்களில் ஒரே உருளைக்குள் இரண்டு இருக்கும். தலையில் மூன்று முனைகள்: சி பொது, ஹெர்ம் கம்ப்ரஸருக்கு, ஃபேன் விசிறிக்கு. எங்களுடையதில் 45+5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று இருந்தது. தலை உப்பியிருந்தால் கேள்வியே வேண்டாம், செத்துவிட்டது. தலை தட்டையாக இருப்பதால் மட்டும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. எங்களுடையது பார்க்கப் புதிது போலவே இருந்தது.

அவர் அதைக் கழற்றாமலே சோதித்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. யூனிட் ஒருவழியாக ஸ்டார்ட் ஆகி ஓடிக்கொண்டிருந்தபோது, ஹெர்ம் முனைக்குப் போகும் ஒயரில் கிளாம்ப் மீட்டரை (ஒயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கருவி) மாட்டினார்: 4.1 ஆம்பியர். ஹெர்முக்கும் சி-க்கும் இடையே வோல்டேஜ் 370. ஆம்பியரை 3183-ஆல் பெருக்கி வோல்டேஜால் வகுத்தால் மைக்ரோஃபாரட் கிடைக்கும் என்றார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 3183, 60 ஹெர்ட்ஸுக்கு 2652. கணக்குப் போட்டால் 35 சொச்சம்தான் வந்தது. 45 என்று அச்சிட்ட கெப்பாசிட்டருக்கு 6 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், 42-க்குக் கீழே போனாலே மாற்றிவிட வேண்டும். கழற்றி மல்டிமீட்டரில் அளப்பதைவிட இந்த முறை நம்பகமானது, ஏனென்றால் சூட்டிலும் முழு வோல்டேஜிலும் வேலை செய்யும்போது அது எவ்வளவு தருகிறது என்பதைக் காட்டுகிறது. ஆனால் இதைச் செய்ய மின்சாரம் ஓடும் பெட்டிக்குள் கை போக வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தொடவே கூடாது. மெயினை ஆஃப் செய்த பிறகும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் சுழியம் வந்ததைப் பார்த்த பிறகுதான் ஒயரைக் கழற்றலாம்.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே எண்ணாகத்தான் இருக்க வேண்டும். வோல்ட் மட்டும் கூடலாம்: 370 இருந்த இடத்தில் 440 போடலாம், 440 இருந்த இடத்தில் 370 போடக் கூடாது. "கொஞ்சம் பெருசா போட்டா நல்லா இழுக்கும்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஸ்டார்ட் சுற்றில் எப்போதும் அதிகக் கரண்ட் ஓடி, நாளடைவில் அதுவே சுற்றைக் கெடுக்கும்.

புதிய கெப்பாசிட்டர் போட்டதும் முனகல் நின்றது. விளக்கு மங்குவது மட்டும் முழுதாக நிற்கவில்லை. சரி, ஏசி ஓடுகிறதே என்று அவர் விட்டுவிடவில்லை, அது பெரிய விஷயம். வெளிச் சுவரில் இருக்கும் ஐசொலேட்டர் (யூனிட்டுக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு முனையின் திருகைச் சுற்றி செம்பு கருத்துப் பழுப்பேறியிருந்தது. ஒயரின் பிளாஸ்டிக் உறை விரல்நீளத்துக்கு விறைத்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்ததும் திருகு சிரமமே இல்லாமல் அரைச் சுற்று சுற்றியது. கருகிய பகுதியை வெட்டி, புதிதாக உரித்து, லக் என்ற உலோக முனை போட்டு இறுக்கினார்.

அதற்கு முன்பு ஸ்டார்ட் ஆகும் கணத்தில் கான்டாக்டர் முனையில் வோல்டேஜ் 230-லிருந்து 195 வரை இறங்கியிருந்தது. மோட்டாரின் தொடக்க விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தால் விசை ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்துவிடும். ஏற்கெனவே கெப்பாசிட்டர் பலவீனம், அதற்கு மேல் இதுவும் என்றால் எந்தக் கம்ப்ரஸர்தான் நகரும்? இதே காரணத்தால்தான் நீளமான, மெல்லிய ஒயரில் இயங்கும் யூனிட்களும், கரண்ட் மந்தமாக வரும் மாலை நேரத்தில் மட்டும் திணறும் யூனிட்களும் இருக்கின்றன. மாலையில் மட்டும் திணறுகிறது என்றால் அந்தத் தகவலை மெக்கானிக்கிடம் கட்டாயம் சொல்லுங்கள், பாதித் தேடல் மிச்சம்.

கான்டாக்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முனைகள் குழி விழுந்து கருத்திருந்தாலோ, நடுவில் எறும்பு புகுந்திருந்தாலோ மாற்றிவிடலாம், மலிவான பாகம்தான். அது படபடவென்று அடித்தால் 24 வோல்ட் கன்ட்ரோல் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணம் மின்சாரத்திலேயே இல்லை. கம்ப்ரஸர் நின்றவுடன் ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். அது சமமாகச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் மறுபடி ஸ்டார்ட் செய்தால், குறிப்பாகப் பிஸ்டன் வகைக் கம்ப்ரஸர், அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள முடியாமல் நின்றுவிடும். ஒரு நிமிடம் கரண்ட் போய் வந்ததும் திணறுகிறது, மற்ற நேரம் நன்றாக ஓடுகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 3 முதல் 5 நிமிடம் காக்க வைக்கும் டிலே டைமர் போட்டாலே தீர்ந்துவிடும். பல தெர்மோஸ்டாட்களில் அது ஏற்கெனவே இருக்கும், யாரோ அணைத்து வைத்திருப்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் தெர்மோஸ்டாட்டை ஏற்றி இறக்கி விளையாடுவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. வெளி காயிலில் தூசி அடைத்திருந்தாலும் அழுத்தம் ஏறும். அதைக் கழுவுவது செலவில்லாத வைத்தியம்.

இவையெல்லாம் சரியான பிறகுதான் ஹார்டு ஸ்டார்ட் கிட் பக்கம் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திணறும் யூனிட்டுக்கு எதையும் அளக்காமல் முதலில் கிட்டை மாட்டுவது வலி மாத்திரை கொடுப்பதற்குச் சமம், கருகும் ஒயர் உள்ளே கருகிக்கொண்டேதான் இருக்கும். கிட் என்பது பெரிய ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் அதைத் துண்டிக்கும் ரிலேயும் சேர்ந்தது. மோட்டார் முக்கால்வாசி வேகம் பிடித்ததும் ஸ்டார்ட் சுற்றில் ஏறும் வோல்டேஜை உணர்ந்து ரிலே கெப்பாசிட்டரை விடுவிக்கும். சில வருடங்களாக இந்த பொட்டென்ஷியல் ரிலே வகை எங்கள் யூனிட்டில் இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும் ஓசையே மாறிவிட்டது: இழுத்துப் பிடிக்கும் சத்தம் போய், ஒரே தட்டில் எழுந்து நிற்கிறது. ரிலேக்குப் பதில் பிடிசி என்ற வெப்பத் தடையை வைத்து மலிவாக விற்கும் வகையும் உண்டு. அது சூடானதும் துண்டிக்கும், ஆற நேரம் எடுக்கும். அதனால் உடனே மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டியிருக்கும் தருணத்தில், அதாவது மிகவும் தேவையான நேரத்தில், உதவாது.

கிட்டை மாட்டி மறந்துவிடவும் கூடாது. ரிலே ஒட்டிக்கொண்டால் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் மின் இணைப்பிலேயே தங்கிவிடும். அது ஓரிரு நொடிக்கு மட்டுமே செய்யப்பட்டது. தொடர்ந்து இருந்தால் வெடிக்கும், ஸ்டார்ட் சுற்றையும் கொண்டுபோய்விடும். கோடை தொடங்குமுன் கெப்பாசிட்டர் அளவைப் பார்க்கும்போதே கிட்டின் ஒயரிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்க்கிறேன். ஸ்டார்ட் ஆனபின் அதில் கரண்ட் சுழியமாக இருக்க வேண்டும்.

ஜெனரேட்டரில் ஏசியை ஓட்ட வேண்டியவர்களுக்கு என் சிபாரிசு சாஃப்ட் ஸ்டார்ட்டர்தான். இரண்டும் ஒன்றல்ல. கிட் மோட்டாரைச் சீக்கிரம் எழுப்பிவிடுவது, சாஃப்ட் ஸ்டார்ட்டர் தொடக்கக் கரண்ட்டையே கட்டுப்படுத்தி மெதுவாக ஏற்றுவது. உறவினர் வீட்டில் இதே அளவு யூனிட்டில் போட்டிருக்கிறார்கள், ஸ்க்ரோல் வகைக் கம்ப்ரஸர். இன்ரஷ் (தொடக்க இழுப்பை அளக்கும்) வசதியுள்ள கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன், தொடக்க இழுப்பு பாதிக்கும் கீழே வந்திருந்தது, விளக்குகள் அசையவே இல்லை. விலை கிட்டைவிடப் பல மடங்கு. ஏற்கெனவே கிட் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் போட வேண்டும்.

கடைசியாக, கம்ப்ரஸர் உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மெயினை ஆஃப் செய்து, ஒயர்களைக் கழற்றி, கம்ப்ரஸரின் பொது, ரன், ஸ்டார்ட் என்ற மூன்று முனைகளுக்கு இடையே ஓம்ஸ் (மின்தடை) பார்க்கச் சொல்லுங்கள். பொது–ரன், பொது–ஸ்டார்ட் இரண்டும் கூடி ரன்–ஸ்டார்ட் அளவுக்குச் சமமாக வர வேண்டும். எந்த முனைக்கும் கம்ப்ரஸர் உடலுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது. ரன்–ஸ்டார்ட் சரியாகக் காட்டி, பொது முனையிலிருந்து எதுவும் காட்டவில்லை என்றால், உள் ஓவர்லோடு திறந்திருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். தொட்டுப் பாருங்கள், கம்ப்ரஸர் கொதிக்கும். ஆற சில மணி நேரம்கூட ஆகலாம். அந்தச் சூட்டில் அளந்துவிட்டு "சுற்று அறுந்துபோச்சு" என்று யாராவது சொன்னால், நன்றாக ஆறிய பிறகு மறுநாள் காலை வந்து இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள்.