எட்டு வார முன்தயாரிப்பு வகுப்பு: எல்லாம் சரி, முகக்கவசம்தான் பெரிது

எட்டு வாரத்தில் தீயணைப்பு வீரராகவோ, ஆம்புலன்ஸில் வந்து அவசர சிகிச்சை தரும் பாராமெடிக்காகவோ ஆகிவிடலாம் என்றது விளம்பரம். ஆக முடியாது. பாராமெடிக் ஆவதற்குச் சில நாடுகளில் மூன்றாண்டுப் பட்டமே கேட்கிறார்கள். தீயணைப்புப் பணியில் தேர்வானவர்களுக்கும் அதன்பிறகுதான் மாதக்கணக்கில் பயிற்சி தொடங்குகிறது. இந்த வகுப்பு ஆள்சேர்ப்புத் தேர்வுக்கு உடம்பையும் மனத்தையும் பழக்கிவிடும், அவ்வளவுதான். அந்த அளவில் எடுத்துக்கொண்டால், கொடுத்த பணம் வீண் என்று சொல்ல மாட்டேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதும் வேலையில் உட்கார்ந்தே இருந்தவள் நான். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஏணிதான் என்னைத் துரத்திவிடும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஏணி இரண்டே நாளில் பழகிவிட்டது. தகராறு வந்தது வேறு இடத்தில்.

முதல் வாரம் முழுக்கப் படிக்கட்டு. உடை, தலைக்கவசம், காலணி, முதுகில் மூச்சுக் கருவி எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். பயிற்சியாளர் தீயணைப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார். ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, "அழுத்தம் எவ்வளவு இருக்கிறது, பார்த்துச் சொல்லம்மா" என்பார். சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்க்கக் கண் இருக்கும், சொல்ல மூச்சு இருக்காது. உள்ளே போகிறவர் தன் காற்றுக் கணக்கைத் தானே வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கேள்வி. கணக்கெழுதுகிறவளுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று.

கணக்கைப் போட்டும் பார்த்தேன். எங்களுக்குக் கொடுத்தது 6.8 லிட்டர் சிலிண்டர், அதில் 300 பார் (bar, அழுத்தத்தின் அலகு) அழுத்தம். இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 50 நிமிடம் வர வேண்டும். சுமையோடு படியேறுகிறவர் அதைவிட அதிகம் இழுப்பார், சரி. ஆனால் காற்று தீரப்போகிறது என்று சொல்லும் என் எச்சரிக்கை விசில் 18ஆம் நிமிடத்திலேயே ஊதிவிட்டது. கூட வந்தவருக்கு அப்போது பாதி மிச்சம்.

காரணம் முகக்கவசம். அங்கே இருந்தது ஒரே அளவு, பெரியது. கவசத்துக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாக இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். தாடையோரம் இடுக்கு இருந்தால் புகை உள்ளே வருவதற்குப் பதில் காற்று வெளியே சீறும். நுரையீரல் தப்பிக்கும், சிலிண்டர் காலியாகும். தாடி வைத்திருந்த இரண்டு பேருக்கும் இதே கதைதான். மறுநாள் மழித்துவிட்டு வந்தார்கள். நான் எதை மழிப்பது? சிறிய அளவு வரவழைப்பதாக இரண்டாம் வாரத்தில் சொன்னார்கள், ஆறாம் வாரத்திலும் அதையே சொன்னார்கள். கையுறையும் அப்படித்தான், விரல் நுனியில் ஓர் அங்குலம் காலியாக ஆடும்.

இருட்டறைப் பயிற்சிக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம் தருவேன். கவசக் கண்ணாடியைத் துணியால் மூடி, ஒரு கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் முழங்காலில் தவழ்ந்து பொம்மையைத் தேட வேண்டும். ஒரு மூலையில் வழி புரியாமல் யோசித்து நின்றேன். அரை நிமிடம் அசையாதிருந்தால் ஆள் விழுந்துவிட்டார் என்று கூவுவதற்கு ஒரு கருவி தோளில் இருக்கிறது. அது அலறிய அலறலில் நான் யோசித்ததெல்லாம் மறந்துபோயிற்று.

ஆம்புலன்ஸ் பகுதியை நடத்தியவர் இன்னமும் பணியில் இருக்கும் பாராமெடிக். இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் சிபிஆர் பயிற்சிக்கு விளக்கு வைத்த பொம்மை. ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ வேண்டும். முதல் நிமிடம் எனக்குப் பச்சை விளக்கு. அப்புறம் மஞ்சள். அதே பலத்தில்தான் அழுத்துவதாகச் சத்தியம் செய்திருப்பேன், விளக்கு ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது இதனால்தான்.

ஒரு நாள் அவரே நோயாளியின் தாயாக நடித்தார். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு "என் பிள்ளைக்கு என்னம்மா ஆயிற்று?" என்று அழுதார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தேன். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளையின் மூச்சு நிமிடத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். நான் எண்ணவே இல்லை.

மற்ற குறைகள் சின்னவை. குறிப்பேடு மங்கலான நகல். இரவுப் பணியில் தூக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவதைப் பற்றி அரை மணி நேரம்தான் பேசினார்கள். அதற்கு ஒரு வாரம் ஒதுக்கியிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை. பயிற்சியாளர்கள் இருவருக்காக நான்கு கொடுக்க நினைத்தேன், விளம்பரம் செய்த பொய்க்காக அரை குறைத்தேன்.

எனக்கு உடல்தகுதித் தேர்வு அடுத்த மாதம். சிறிய முகக்கவசம் இருக்கிறதா என்று இந்த முறை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டேன். இருக்கிறதாம்.