நாலு நட்டு ஏறிவிட்டால் மட்டும் போதாது: ஸ்விஃப்ட்டில் நான்கு வருட அலாய் வீல் அனுபவம்

எங்கள் வண்டி 2018 மாடல் ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ., பெட்ரோல். கம்பெனியிலிருந்து வந்தது 14 இஞ்ச் இரும்பு ரிம், 165/80 ஆர் 14 டயர். 2021 தொடக்கத்தில் டயர் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தது. அதோடு அலாய் வீலும் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். முதல் செட் எட்டு மாதம்தான் ஓடியது. இரண்டாவது செட் நான்கு வருடமாக ஓடுகிறது, 46,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இரண்டுமே 15 இஞ்ச். இரண்டிலும் நாலு நட்டு, பி.சி.டி., அதாவது நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 100 மில்லி. இரண்டும் ஹப்பில், அதாவது வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில், சிரமமில்லாமல் ஏறின. ஆனால் முதல் செட்டோடு வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகவே பயமாகிவிட்டது.

முதல் செட் வாங்கிய கடையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்விஃப்ட்டா சார்? நாலு ஹோல்தானே?" அவ்வளவுதான். 6.5 இஞ்ச் அகல ரிம், 195/65 ஆர் 15 டயர். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வண்டி அகலமாக, அழகாகத்தான் இருந்தது.

ஊருக்குள் ஓட்டியவரை ஒன்றும் தெரியவில்லை. அந்த வருடம் அப்பா, அம்மா, தங்கை, மச்சான் எல்லோரோடும் கொடைக்கானல் கிளம்பினோம். ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், ஒவ்வொரு பெரிய வளைவிலும் பின்னாலிருந்து "சர்ர்" என்று ஒரு சத்தம். டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்விளிம்பில் விரலை விட்டுப் பார்த்தேன். பெயின்ட் உரிந்து தகரம் பளபளவென்று தெரிந்தது. டயரின் தோள்பட்டையில் சுற்றிலும் ஒரு கோடு, பிளேடால் சீவியது போல. ரப்பர் துகள் விரலில் கருப்பாக ஒட்டியது. அங்கிருந்து மேலே 20, 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் போனோம். அம்மா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வந்து, எங்கள் பக்கத்தில் அலைன்மென்ட் பார்க்கும் அண்ணனிடம் காட்டினேன். முப்பது வருடமாக டயர் வேலை செய்பவர். சக்கரத்தைக் கழற்றி, முன்பக்கத்தைப் பார்க்காமல் நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினார். துணியால் துடைத்ததும் ரிம்மில் வார்த்திருந்த எழுத்து தெரிந்தது. "தம்பி, ரிம் வாங்கும்போது இதைத்தான் முதல்ல படிக்கணும்" என்றார்.

அந்த எழுத்தில்தான் விஷயம் முழுக்க இருந்தது. ஈ.டி. என்று போட்டு ஓர் எண் இருக்கும். அதுதான் ஆஃப்செட்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் பகுதி எத்தனை மில்லி தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். என் புது ரிம்மில் அது பழைய ரிம்மைவிட 10 மில்லி குறைவு. அகலம் வேறு ஒன்றரை இஞ்ச் கூடுதல். அதில் பாதி, சுமார் 19 மில்லி, வெளிப்பக்கம் வந்துவிடும். இரண்டையும் கூட்டினால் ரிம் விளிம்பு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வெளியே வந்துவிட்டது. ஆள் ஏறி வண்டி அமுங்கினால் மட்கார்டில் உரசாமல் என்ன செய்யும்?

அடுத்து ஹப். ஸ்விஃப்ட் ஹப்பின் நடு உதட்டின் விட்டம் 54.1 மில்லி. வெளிச்சந்தை ரிம்கள் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக வைப்பார்கள், என்னுடையதில் 73.1. இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். எனக்கு இரண்டு சக்கரத்தில்தான் வளையம் இருந்தது. மற்ற இரண்டும் நட்டை மட்டுமே நம்பி நடுவில் உட்கார்ந்திருந்தன. நெடுஞ்சாலையில் 90-ஐத் தொட்டால் ஸ்டியரிங் ஆடியதும், இரண்டு முறை பேலன்சிங் செய்தும் அது போகாததும் இதனால்தான். நான்கிலும் வளையம் போட்டதும் ஆட்டம் நின்றது. உரசல் நிற்கவில்லை.

டயர் அளவையும் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இதை யாரும் செய்யலாம். 165/80 ஆர் 14 என்றால் டயரின் அகலம் 165 மில்லி, அதில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 132 மில்லி. அது இரண்டு பக்கமும் சேர்த்து 264. 14 இஞ்ச் என்பது 355.6 மில்லி. மொத்த விட்டம் 619.6. அதேபோல் 195/65 ஆர் 15-க்கு 634.5 வருகிறது. கிட்டத்தட்ட 15 மில்லி பெரிது. ஸ்பீடோமீட்டர் முன்பைவிட இரண்டரை சதவீதம் குறைத்துக் காட்டும். அதைவிட என்னை உறுத்தியது ஸ்டெப்னி: அது பழைய 14 இஞ்ச். முன்னால் பஞ்சராகி அதை மாட்டினால் இடதும் வலதும் வேறு வேறு உயரம்.

அதே ஸ்விஃப்ட்டின் மேல் மாடலில் கம்பெனியே கொடுப்பது 185/65 ஆர் 15. அதன் விட்டம் 621.5; பழையதற்கும் இதற்கும் 2 மில்லிகூட வித்தியாசமில்லை. ஸ்டெப்னியை மாட்டினாலும் பிரச்சினையில்லை. அந்த மாடலின் கம்பெனி அலாய் ஒரு செட் தேடி வாங்கினேன். நடு ஓட்டை 54.1 என்பதால் வளையமே தேவையில்லை. முதல் செட்டை அது எங்கே உரசும் என்று சொல்லித்தான் பாதி விலைக்குக் கொடுத்தேன்.

டயர் வாங்கும்போது லோட் இண்டெக்ஸும் பார்த்தேன். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும்; பழையது 85, அதாவது 515 கிலோ. இந்த எண் கம்பெனி அளவைவிடக் குறையவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தது. தேதி 3521, அதாவது 2021-இன் 35-வது வாரம். நான் வாங்கியது நவம்பரில். கடைக்காரர் முதலில் எடுத்து வந்த இரண்டு டயர் அதைவிட ஒன்றரை வருடம் பழையவை. திருப்பிக் கொடுத்து வேறு கேட்டேன், முகம் சுளிக்காமல் கொடுத்தார்.

மாட்டும்போது ஏர் கன்னால் முழுசாக இறுக்கவிடவில்லை. கையால் நட்டை ஏற்றி, குறுக்கு மறுக்காக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் மேனுவலில் சொன்ன அளவுக்கு. 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்த்தபோது ஒரு நட்டு கொஞ்சம் நகர்ந்தது. புது அலாய் போட்டவர்கள் தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். அலாய் மாற்றியதை இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

நான்கு வருடத்தில் கொடைக்கானல் மூன்று முறை, அதே ஐந்து பேர், அதே சாமான். உரசல் ஒருமுறைகூட இல்லை. முதல் செட்டில் 16-க்கு இறங்கியிருந்த மைலேஜ் பழையபடி 18-க்கு வந்தது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் பின் மாற்றிப் போடுகிறேன். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, காலையில் டயர் சூடாகும் முன் காற்று பிடிக்கிறேன். ஒரு குறை: மேடு பள்ளத்தில் பழைய 14 இஞ்ச்சின் மெத்தென்ற ஓட்டம் இதில் இல்லை. கிராமத்துச் சாலையிலேயே அதிகம் ஓடுபவர்கள் இரும்பு ரிம்மையே வைத்துக்கொள்வது நல்லது.

போன வாரம் அளந்தபோது டயரின் பட்டன் ஆழம், அதாவது ரப்பர் பள்ளத்தின் ஆழம், 3 மில்லி. சட்டப்படி 1.6 வரை ஓடலாம். ஆனால் ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த மழைக்கு முன்னால் மாற்றிவிடுவேன், அதே 185/65 ஆர் 15, 88.