ராப் குழுப் பயிற்சி: எட்டு வாரத்தில் என்ன கிடைக்கும், எங்கே சறுக்கும்

மனநோய், குடி, போதை, சிறை, பெரிய இழப்பு என்று ஏதோ ஒன்றில் வாழ்க்கை கலைந்துபோய், மறுபடி முதலிலிருந்து அடுக்கத் தொடங்குபவர்களுக்கான பயிற்சிகளில் அதிகம் பரவியிருப்பது 'வெல்னஸ் ரிகவரி ஆக்ஷன் பிளான்', அதாவது நலமாக இருக்கவும் மீண்டு வரவும் ஒவ்வொருவரும் தனக்காக எழுதிக்கொள்ளும் செயல்திட்டம். சுருக்கமாக ராப் (WRAP). 1997-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேரி எலன் கோப்லேண்டும், அவரைப் போலவே மனநோயோடு மல்லுக்கட்டிய ஒரு குழுவினரும் சேர்ந்து உருவாக்கியது. நடத்துபவரும் அதே பாதையில் வந்தவர். அவரிடமும் சொந்தமாக எழுதிய ஒரு ராப் இருக்க வேண்டும், அதை அவர் அன்றாடம் பயன்படுத்த வேண்டும். இந்தப் பயிற்சியின் உயிர் அந்த விதியில்தான் இருக்கிறது. அதைத் தளர்த்திவிட்டு, அலுவலக ஊழியர் ஒருவர் படிவம் நிரப்பச் சொல்லும் வகுப்பாக இதை மாற்றிய இடங்களை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வழக்கமான அமைப்பு இது: வாரம் ஒருமுறை, இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், எட்டு வாரம். குழுவில் எட்டு முதல் பன்னிரண்டு பேர். நடத்துபவர்கள் இரண்டு பேர். இரண்டு பேர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஒருவர் அழுதுகொண்டே எழுந்து வெளியே போனால் ஒரு நடத்துநர் பின்னால் போக வேண்டும், மற்றவர் அறையில் இருக்க வேண்டும். நடத்துபவரின் பழைய காயமே கிளறப்படும் நாளும் வரும். அன்று மற்றவர் கையில் எடுத்துக்கொள்வார். ஒரே ஆளை வைத்து ஓட்டும் குழுவில் சேர்வதற்கு முன் யோசியுங்கள்.

பலன் உண்டா? ஒஹாயோ மாநிலத்தில் தீவிர மனநோய் உள்ள 519 பேரை வைத்து நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. யாருக்கு இப்போதே பயிற்சி, யார் காத்திருப்பது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மீண்டு வருபவர்களே நடத்திய எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு, பயிற்சி பெற்றவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன, நம்பிக்கை கூடியது. மருந்துக்குப் பதில் இது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பொருட்செலவு மிகக் குறைவு. ஒரு ரிங் பைண்டர், ஐந்தாறு பிரிப்பு அட்டைகள், கோடு போட்ட தாள்கள் போதும். அச்சிட்ட பயிற்சி ஏடுகள் கிடைக்கின்றன, ஆனால் கட்டாயமில்லை. அவற்றில் உள்ள உதாரணங்கள் வேறு யாருடைய வாழ்க்கையிலிருந்தோ வந்தவை, அப்படியே நகலெடுத்தால் திட்டம் உங்களுடையதாக இருக்காது. எழுத வராதவர் குரலில் பதிவு செய்யலாம், படமாக வரையலாம், இன்னொருவரை எழுதச் சொல்லலாம். எழுதிக் கொடுப்பவர் ஒரு சொல்லைக்கூடத் திருத்தக் கூடாது. "தலைக்குள்ள இரைச்சல்" என்று அவர் சொன்னால் அதுவே தாளில் இருக்க வேண்டும், "மனக்குழப்பம்" என்று மாற்றக் கூடாது.

முதலில் எழுதுவது கருவிப் பெட்டி, அதாவது நம்மைச் சரியாக வைத்திருப்பவை என்னென்ன என்ற பட்டியல். தூக்கம், நடை, பாட்டு, ஒருவரிடம் பேசுவது என எதுவும் இருக்கலாம். இங்கே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: இரவு இரண்டு மணிக்கு, தனியாக, கையில் காசில்லாமல், போனில் சார்ஜும் இல்லாமல் செய்யக்கூடியவை இதில் எத்தனை? மூன்று கூடத் தேறவில்லை என்றால் பட்டியல் இன்னும் முடியவில்லை.

அடுத்தது அன்றாடத் திட்டம். நன்றாக இருக்கும்போது நான் எப்படி இருப்பேன், தினமும் செய்தே ஆக வேண்டியவை எவை, இன்று செய்ய வேண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவை எவை என்று மூன்று பகுதி. முதல் பகுதியைப் பலரும் இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். இயல்பிலேயே அதிகம் பேசாத ஒருவர் மருத்துவமனையில் சும்மா உட்கார்ந்திருந்தால் அதையும் நோய்க்கணக்கில் எழுதிவிடுவார்கள். "நான் சாதாரணமாகவே அமைதியான ஆள்" என்ற ஒரு வரி அதைத் தடுக்கும். தினசரிப் பட்டியலில் மிகப் பெரிய தவறு நீளம். உற்சாகத்தில் பதினைந்து காரியம் எழுதுவார்கள், நான்காம் நாள் எல்லாம் நின்றுபோகும். அதோடு 'இதிலும் தோற்றேன்' என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். மோசமான நாளிலும் முடிகிற நான்கைந்து போதும்.

தூண்டுதல், ஆரம்ப அறிகுறி, நிலை மோசமாவது என்ற அடுத்த மூன்று பக்கங்களில்தான் குழப்பம் அதிகம். தூண்டுதல் வெளியே நடப்பது: கடன்காரரின் போன், இறந்தவரின் நினைவு நாள். ஆரம்ப அறிகுறி நமக்குள் நுணுக்கமாக மாறுவது: வந்த கடிதங்களைப் பிரிக்காமல் குவிப்பது, எல்லாருக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வது. மோசமாவது என்றால் இரண்டு இரவு தூக்கமில்லை, பக்கத்து வீட்டில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது, ஆனாலும் இன்னும் நானே ஏதாவது செய்ய முடியும். ஆரம்ப அறிகுறிக்கு 'இவற்றில் ஏதாவது இரண்டைச் செய்' என்று எழுதலாம். மோசமாகும் கட்டத்தில் தேர்வுக்கு இடம் வைக்கக் கூடாது. "இன்றே டாக்டருக்குப் போன் செய். இன்னாரை வீட்டுக்கு வரச் சொல். வண்டிச் சாவியை அவரிடம் கொடு." அந்த நேரத்தில் மூளைக்கு முடிவெடுக்கும் தெம்பு இருக்காது.

நெருக்கடித் திட்டத்தை மட்டும் மற்றவர்களுக்காக எழுதுகிறோம். எந்த அறிகுறிகளைப் பார்த்தால் அவர்கள் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும், யார் யார் வரலாம், யார் வரவே கூடாது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளும், எது கூடாது, ஏன், எந்த மருத்துவமனை, வீட்டை யார் பார்ப்பது, எது உதவும், எது எரிச்சலூட்டும் என்று எல்லாம் வர வேண்டும். அறிகுறிகளை அடுத்தவர் கண்ணால் பார்க்கக்கூடியதாக எழுதுங்கள். "மனசு சரியில்லாதபோது" என்பது பயன்படாது. "மூன்று நாள் குளிக்காமல், போனும் எடுக்காமல் இருந்தால்" என்பது பயன்படும். துணை நிற்பவர்கள் குறைந்தது ஐந்து பேர் என்பது கோப்லேண்டின் பரிந்துரை. பலருக்கு ஐந்து பேர் கிடையாது, அதுவே பெரிய வலி. இரண்டு பேரோடு தொடங்கலாம், குழுவில் பழகியவர்கள் பிறகு சேர்வார்கள். பெயர் எழுதும் முன் அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்காமல் எழுதியதால், போன் வந்ததும் திகைத்து நிற்பவர்கள் அதிகம். கடைசியாக, எதைப் பார்த்தால் திட்டத்தை முடித்துக்கொண்டு பொறுப்பை என்னிடம் திருப்பித் தர வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். அது விடுபட்டால், குணமான பிறகும் வீட்டார் சாவியைத் தர மாட்டார்கள். சட்டப்படி இது செல்லுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். உள்ளூர் விதியைக் கேட்டுக் கையெழுத்தும் சாட்சியும் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சியில் நாங்கள் காணும் பெரிய குறை, நெருக்கடிக்குப் பிந்தைய திட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் பற்றியது. கடைசி வாரத்தின் கடைசி அரை மணியில், சான்றிதழுக்கும் வாழ்த்துக்கும் நடுவே அதை ஓட்டிவிடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்தோ சிறையிலிருந்தோ வீடு திரும்பும் முதல் வாரம்தான் ஆள் மறுபடி சரியும் வாரம். கதவைத் திறக்கும்போது உள்ளே யார் இருப்பார்? முதல் மூன்று நாளுக்குச் சாப்பாடு? எந்தப் பொறுப்பை எப்போது திரும்ப எடுப்பது? வேலைக்கு உடனே முழு நேரமா, பாதி நேரமா? கோபத்தில் புண்படுத்தியவர்களிடம் எப்போது பேசுவது? தவறிப்போன தவணைகளை யார் கேட்டுச் சொல்வார்? இதற்கு ஒரு முழு அமர்வு தேவை. உங்கள் குழுவில் ஏழாவது வாரத்தையே இதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நடத்துபவரின் அனுபவம் எப்படிப் பயன்படுகிறது என்பதை ஒரே ஒரு தருணத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒருவர், "மாத்திரையை நிறுத்திட்டேங்க" என்கிறார். மோசமான நடத்துநர் பத்து நிமிடம் தன் கதையைச் சொல்லி, "அதனால ஒழுங்கா போடுங்க" என்று முடிப்பார். கேட்டவர் அடுத்த வாரம் வர மாட்டார். நல்ல நடத்துநர் முதலில், "நிறுத்துறதுக்கு முன்னாடி என்ன தொந்தரவா இருந்துச்சு?" என்று கேட்பார். பதிலை முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கும் கை நடுக்கம் வந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னேன், அளவை மாத்தினாரு" என்று தன்னுடையதை இரண்டு வரியில் சொல்வார். திடீரென்று நிறுத்துவது ஆபத்தாகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லி, இன்றே டாக்டரிடம் பேச முடியுமா, கூட யாராவது இருக்க வேண்டுமா என்று கேட்பார். தன் கதை எதிரில் இருப்பவருக்கு எந்தக் கதவைத் திறக்கும் என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இது தானாக வருவதில்லை, பழக்க வேண்டிய திறமை. நடத்துபவர்களுக்கு ஐந்து நாள் தனிப் பயிற்சி இருக்கிறது. அதற்குப் பிறகும் மூத்தவர் ஒருவர் மேற்பார்வையில் இருப்பது அவசியம்.

இரகசியம் காப்பதன் எல்லையை முதல் நாளே சொல்ல வேண்டும். இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டியிருக்கும். இதை மூன்றாம் வாரம் சொன்னால் ஏமாற்றியதாகத்தான் படும்.

யாருக்குப் பொருந்தாது? இப்போதே நெருக்கடியின் நடுவில் இருப்பவர் இதை எழுத முடியாது. முதலில் சிகிச்சை, பிறகு ராப். மேலிடத்து உத்தரவில் வந்து உட்காருபவருக்கும் பயன் குறைவு, இது விருப்பத்தில் மட்டுமே நடக்கும். வீடு, வேலை, கடன் தீர்வு எதுவும் இந்தப் பயிற்சியில் கிடைக்காது. அவற்றுக்கு வழிகாட்டும் ஆள் தனியாக வேண்டும். நல்ல மையங்கள் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும்.

எட்டு வாரம் முடிந்ததும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திட்டத்தைத் திருப்பிப் பாருங்கள். மருந்து, போன் எண், ஆட்கள் எல்லாம் மாறியிருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். துணை நிற்பவர்களிடம் இருக்கும் பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டுப் புதியதைக் கொடுங்கள். இரண்டு தேதியில் இரண்டு தாள் இருந்தால், அவசரத்தில் யார் கையில் எது இருக்கிறதோ அதன்படிதான் நடப்பார்கள்.