கரண்ட் போய் மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகவில்லையா: ஃபோர்ஸ் ரெகவரியா, பேக்கப்பா?

கார்த்திகை மழையில் கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன கடைகளில் பில்லிங் கம்ப்யூட்டர் பொட்டென்று அணையும். திரும்பப் போட்டால், பில், ஸ்டாக் விவரங்களை வைத்திருக்கும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லின் சர்வீஸ் ஸ்டார்ட் ஆகாது, விண்டோஸ் 1067 என்று எரர் காட்டும். அந்த எண்ணை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. டேட்டா ஃபோல்டரில் உள்ள எரர் லாக்கின் கடைசி வரிகளைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லுக்கான 3306 போர்ட்டை வேறு புரோகிராம் பிடித்திருந்தாலோ டிஸ்க் நிரம்பியிருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதி) பேஜ், அதாவது டேட்டா ஃபைலின் ஒரு துண்டு, கெட்டிருக்கிறது என்று வந்தால்தான் மற்ற பேச்சு.

எதற்கும் முன்னால் டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். ரீடூ லாக்கை (டேட்டா ஃபைலில் இன்னும் ஏறாத மாற்றங்களின் பதிவு) அழித்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஃபோர்ஸ் ரெகவரி, அதாவது டேட்டா கெட்டிருந்தாலும் சர்வரை வலுக்கட்டாயமாக எழுப்பும் செட்டிங்: கான்ஃபிக் ஃபைலில் அதை 1 என்று வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், எழவில்லை என்றால் 2, பிறகு 3. எழுந்ததும் டம்ப் (டேட்டா முழுவதையும் எஸ்க்யூஎல் கமாண்டுகளாக எழுதிய ஃபைல்) எடுத்து, செட்டிங்கை நீக்கி, புது டேட்டா ஃபோல்டரில் ஏற்ற வேண்டும். 4-லிருந்து 6 வரை டேட்டா ஃபைலே நிரந்தரமாகக் கெடலாம்.

இதில் எனக்குள்ள பெரிய குறை வேறு. 1-லேயே இன்னோடிபி கெட்ட பேஜைத் தாண்டிப் போகப் பார்க்கும். டம்ப் நல்லபடியாக முடிந்த மாதிரி இருக்கும், நடுவில் சில வரிகள் இருக்காது. பில் டேபிளில் தொடர் எண் இருப்பதால் விடுபட்டதைக் கண்டுபிடிக்கலாம். ஸ்டாக் டேபிளில் எதை வைத்துப் பிடிப்பது? 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) போட வேண்டிய கடைக்கு இது பெரிய தலைவலி.

அதனால் என் ஓட்டு பேக்கப்புக்கும், டேட்டாவில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதியும் பின்லாக்குக்கும்தான். ராத்திரி கடை அடைத்ததும் சிங்கிள் டிரான்சாக்ஷன், சோர்ஸ் டேட்டா 2 ஆகிய ஆப்ஷன்களோடு டம்ப் எடுங்கள். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியில் சோர்ஸ் டேட்டாவுக்குப் பெயர் மாஸ்டர் டேட்டா. டம்ப்பின் தலைப்பகுதியில் பின்லாக் ஃபைல் பெயரும் பொசிஷனும் பதிவாகும். சர்வர் விழுந்தால் புது டேட்டா ஃபோல்டரில் டம்ப்பை ஏற்றி, அந்தப் பொசிஷனிலிருந்து பின்லாக்கை ஓட்டினால், அணைவதற்கு முன் போட்ட பில் வரை வந்துவிடும். பின்லாக் ஃபைல்கள் பல இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கமாண்டில் கொடுங்கள்.

பின்லாக் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டேட்டா இருக்கும் அதே டிஸ்க்கில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதே டிஸ்க்கைப் பிரித்த டி டிரைவும் உதவாது. தனி ஹார்ட் டிஸ்க் வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8-இல் பின்லாக் தானாகவே ஓடும், 30 நாள் வைத்திருக்கும். எக்ஸாம்ப்பில் (வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்த இலவசத் தொகுப்பு) வரும் மரியாடிபியில் நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். பின்லாக்கை உடனுக்குடன் டிஸ்க்கில் எழுத வைக்கும் சிங்க் பின்லாக் செட்டிங்கையும் 1 ஆக்குங்கள், மரியாடிபியில் அதன் டிஃபால்ட் 0.

எக்ஸாம்ப்பின் பேக்கப் ஃபோல்டரைக் காப்பி செய்யும் குறுக்குவழி, சிஸ்டம் டேபிள் மட்டும் கெட்டிருந்தால் பலிக்கும். அந்த வழியில் பழைய ஐபிடேட்டா1 (இன்னோடிபியின் பொது டேட்டா ஃபைல்) திரும்ப உள்ளே போவதால் இன்னோடிபி கோளாறும் கூடவே உள்ளே வந்துவிடும்.

இதெல்லாம் கடை அளவு டேட்டாபேஸுக்கு. பல நூறு ஜிபி என்றால் டம்ப்பை ஏற்றும் நேரமே கட்டுப்படியாகாது. பேக்கப்பே இல்லை என்றால் ஃபோர்ஸ் ரெகவரிதான் கதி. அதையும் எடுத்து வைத்த காப்பியின் மேல் மட்டும் செய்து பாருங்கள்.