கல்யாண கேசட்டை ‘ஃபுல் எச்டி’ ஆக்கித் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள்: எனக்கு 4,500 ரூபாய் போச்சு

கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால் எழுத்து அப்படி இப்படி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேசட்டுக்கு 1,500 வீதம் மூன்று கேசட்டுக்கு 4,500 ரூபாய். எல்லாம் 1992-இல் நடந்த அம்மா அப்பா கல்யாணம். கடை பெயரைப் போடவில்லை. பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், அப்புறம் பழைய விஎச்எஸ் கேசட்டை பென் டிரைவில் ஏற்றுவது என்று எல்லாம் செய்யும் ரகக் கடை. உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் ஒன்று இருக்கும்.

கேசட்டைக் கொடுத்ததும் அவர் முன்மூடியைத் தூக்கி, டேப்பில் பூஞ்சை இருக்கிறதா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். “சுத்தமா இருக்குக்கா, பத்திரமா வெச்சிருக்கீங்க” என்றார். தொழில் தெரிந்த ஆள் என்று யாருக்கும் தோன்றும். அப்புறம் தன் செல்போனில் வேறு யாருடைய கல்யாணத்தையோ ஓட்டிக் காட்டினார். பளிச்சென்று இருந்தது. உள்ளங்கை அளவுத் திரையில் எதுதான் பளிச்சென்று இருக்காது? “சாதாவுக்கு 900, ஃபுல் எச்டிக்கு 1,500. நம்ம வீட்டு கல்யாணம் மாதிரி பண்ணித் தரேன்க்கா.” முழுப் பணத்தையும் முன்னாடியே வாங்கிக்கொண்டார்.

வீட்டு டிவியில் போட்டால், மாப்பிள்ளை அழைப்பில் வரும் அத்தனை பேரும் குட்டையாக, குண்டாகத் தெரிகிறார்கள். பழைய டிவி அளவான 4:3 படத்தை இப்போதைய அகலத் திரை அளவான 16:9-க்கு இழுத்துவிட்டிருக்கிறார். பாட்டி முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை, மெழுகு பூசினது போல வழவழவென்று இருக்கிறது. ஆனால் புடவை ஓரம், தூண் ஓரம் எல்லாம் வெள்ளைக் கோடு. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழுந்ததும் படம் முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்தது. தாலி முடிச்சுப் போடும் இடத்தில் அப்பா கை எது, நாத்தனார் கை எது என்றே தெரியவில்லை. இதற்குத்தான் 4,500.

மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் போட்டுப் பார்த்தேன். மூன்று மணி நேர வீடியோ, 1920×1080 புள்ளிகள் (இதைத்தான் ஃபுல் எச்டி என்கிறார்கள்), கோப்பு அளவு 1.3 ஜிபி. அதாவது பிட்ரேட் (ஒரு வினாடிப் படத்துக்குச் செலவழிக்கும் டேட்டா) 1 எம்பிபிஎஸ், வினாடிக்குப் பத்து லட்சம் பிட், கூட இல்லை! விஎச்எஸ் டேப்பில் உள்ள நுணுக்கமே அகலவாக்கில் சுமார் 240 கோடுதான். அதை 720×576-இல் பிடித்தாலே தாராளம். 1080-க்கு உப்ப வைத்தால் புள்ளிகள் ஐந்து மடங்காகும், புதிதாக ஒரு நூலிழை கூடத் தெரியாது. இருக்கிற கொஞ்சநஞ்ச பிட்டும் அந்த ஐந்து மடங்குக்குப் பங்கு போடப்படும். போதாக்குறைக்கு ஷார்ப்னெஸை வேறு ஏற்றியிருக்கிறார். டேப்பின் பொரிப்பொரியான இரைச்சலும் சேர்ந்து கூர்மையாகி, அது பிட்டைத் தின்னும். முந்தின ஃபிரேமிலிருந்து மாறாத பகுதியை அப்படியே வைத்துக்கொண்டுதான் கம்ப்ரஷன் (கோப்பைச் சுருக்கும் முறை) இடத்தை மிச்சம் பிடிக்கிறது. அட்சதை பறக்கும்போது எல்லாமே மாறுகிறது, எங்கிருந்து மிச்சம் பிடிப்பது? 576-இலேயே விட்டு 5 எம்பிபிஎஸ் கொடுத்திருந்தால் மூன்று மணி நேரத்துக்கு 6.75 ஜிபி ஆகியிருக்கும். கொடுத்தது 32 ஜிபி பென் டிரைவ். முக்கால்வாசிக்கு மேல் காலி.

போன் பண்ணினால், “பழைய கேசட்டு அப்படித்தான்க்கா இருக்கும்.” அடுத்த முறை, “உங்க டிவி செட்டிங்கப் பாருங்க.” நேரில் போய் நின்றதும், “4 ஜிபிக்கு மேல பென் டிரைவ்ல ஏறாதுக்கா.” ஒரே கோப்பாக ஏறாதுதான், பென் டிரைவின் ஃபார்மேட் ஃபேட்32-வாக இருந்தால். எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டுக்கு மாற்றலாம், இல்லை கோப்பை இரண்டாக வெட்டலாம். இதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. சரி, கம்ப்ரஸ் பண்ணாத மூலக் கோப்பையாவது கொடுங்கள் என்றேன். “இடம் இல்லன்னு அப்பவே டெலீட் பண்ணிட்டோம். திரும்ப ஓட்டணும்னா திரும்ப சார்ஜ்.” அதாவது இன்னொரு 4,500. பழைய டேப்பை ஒவ்வொரு முறை டெக்கில் ஓட்டுவதும் ஆபத்து. அந்த டெக்கை, அதாவது கேசட் ஓட்டும் விசிஆரை, புதிதாகச் செய்வதையே 2016-இல் கடைசிக் கம்பெனியும் நிறுத்திவிட்டது. இதையெல்லாம் அந்த ஆளிடம் பேசி என்ன ஆகப் போகிறது? இப்போது மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. ‘ஃபுல் எச்டி’, ‘4கே’ என்று ஆரம்பித்தாலே வெளியே வந்துவிடுங்கள். பிட்ரேட் எவ்வளவு என்று கேளுங்கள், முழித்தாலும் வெளியே வாருங்கள். சாம்பிள் உங்கள் கேசட்டிலிருந்தே, ஆட்டம் பாட்டம் உள்ள இடமாகப் பார்த்து, பெரிய திரையில் காட்டச் சொல்லுங்கள். மூலக் கோப்பை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிய பிறகு மீதிப் பணம் கொடுங்கள், முழுப் பணத்தையும் முதலிலேயே நீட்டாதீர்கள். கோப்பு கையில் இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நீங்களே இலவசமாகச் சுருக்கிக்கொள்ளலாம், ஷார்ப்பனை மட்டும் தொடாதீர்கள். ரசீதில் ‘720×576, 5 எம்பிபிஎஸ்’ என்று எழுதி வாங்குங்கள். என் ரசீதில் ‘கேசட் 3, 4,500’ என்று மட்டும்தான் இருக்கிறது.