ஹேண்டில் ஆட்டத்துக்கு 4,650 ரூபாய் தண்டம் – சேலத்துல சைக்கிள் ஓட்டுறவங்க கட்டாயம் படிங்க

நேத்து சாயங்காலம்தான் விஷயமே தெரிஞ்சது. ராத்திரி தூக்கம் வரல. 4,650 ரூபாய்ங்க. புது டயர் ரெண்டு போட்டிருப்பேன்.

என்னோடது ரெண்டு வருஷமான கியர் சைக்கிள். ஞாயித்துக்கிழமை விடிகாலைல அடிவாரத்துல இருந்து ஏற்காடு ஏறி இறங்குறது பழக்கம். ரெண்டு மாசம் முன்னாடி இறங்கும்போது, முன் பிரேக் பிடிச்சா ஹேண்டில் அடியில 'டக்'னு ஒரு சத்தம். 20 கொண்டை ஊசி வளைவுலயும் அந்த 'டக்' கூடவே வந்துச்சு. ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்புறதுக்கு ஃப்ரேம் முன்பக்கக் குழாயில இருக்கற பேரிங் செட், லூசுன்னு எனக்கே தெரியும். மேல இருக்கற போல்ட்டை அலன் கீ போட்டு முறுக்குனேன், போகல. சரி, தெரிஞ்சவங்க கையில குடுப்போம்னு டவுன்ல ஒரு கடைக்குப் போனேன். பேர் சொல்லல. கண்ணாடி ஷோரூம், சுவர் பூரா வெளிநாட்டு சைக்கிள் போஸ்டர், உள்ள ஏசி. அந்த மாதிரி கடை.

ஓனர் பேச்சுல தேன் ஒழுகுச்சு. "மலை ஏறுறவரா தம்பி நீங்க? உங்க வண்டிய நானே பாக்குறேன். கழட்ட அரை மணி ஆகும், போய் ஒரு டீ சாப்ட்டு வாங்க"ன்னாரு. போனேன் பாருங்க, அந்த டீக்குத்தான் இந்த 4,650 ரூபாய். திரும்பி வந்தா உள்ளங்கையில துருப்பிடிச்ச குண்டு பத்துப் பன்னெண்டு வெச்சு நீட்டுறாரு. "பாருங்க, பால்ரஸ் எப்படி அரிச்சிருக்குன்னு. இதோட மலை இறங்கியிருக்கீங்க, உயிரோட இருக்கீங்களே!" எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. என் பொண்ணு முகம் ஞாபகம் வந்துச்சு. மாத்திருங்கண்ணான்னேன். ஹெட்செட் 3,200, கூலி 450. அங்கயே ஜிபே. பில் கேட்டதுக்கு ஒரு துண்டுச்சீட்டுல 'சர்வீஸ்'னு மட்டும் எழுதிக் குடுத்தாங்க.

நாலே நாள். மறுபடி 'டக்'.

போனா, "புது பேரிங் செட் ஆகணும் தம்பி, நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க." ஓட்டினேன். ஆட்டம் அதிகமாச்சு. அடுத்த தடவை, உள்ள ஸ்டார் நட் (மேல் போல்ட் போய் மாட்டுற நட்) வழுக்குதுன்னு 350. கடைப்பையன் ஹேண்டிலைக் கையால அமுக்கிப் பிடிச்சு ஸ்டெம்மை (ஹேண்டிலைப் பிடிச்சிருக்கற கட்டை) முறுக்கிக் குடுத்தான், ரெண்டு நாள் தாங்குச்சு. அதுக்கப்புறம் ஃப்ரேம்ல அலைன்மென்ட் அவுட்டாம், அதுக்கு 650. அதுவும் ஒரு வாரம். நாலாவது தடவை போனப்ப தேன் வத்திப் போச்சு. "இது மலைக்கு ஓட்டுற வண்டியே இல்ல சார்"ங்கறாரு. தம்பி எப்ப சார் ஆனேன்னு தெரியல. அப்புறம் போன் எடுக்கல. நேர்ல போனா, "அண்ணன் ஈரோடு போயிருக்காரு"ங்கறான் பையன். உள்ள ரூம்ல அண்ணன் குரல் கேட்குது!

நேத்து அம்மாப்பேட்டை பக்கம் பஞ்சர் கடை வெச்சிருக்கற ஒரு பெரியவர்கிட்ட காத்து அடிக்க நின்னேன். முன் பிரேக்கை அமுக்கி வண்டிய முன்னும் பின்னும் ஒரு ஆட்டு ஆட்டுனாரு. முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஃபோர்க்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல விரல் வெச்சுப் பாத்தாரு. "கோன் செட் ஆடுது கண்ணு. யாரு போட்டா?" ஹெட்செட்டைத்தான் அப்படிச் சொல்றாரு. மேல மூடியைக் கழட்டுனவர் சிரிச்சுட்டாரு. ஃபோர்க்குல இருந்து மேல வர்ற குழாய் ஸ்டெம்மோட மேல் விளிம்பு வரைக்கும் வந்து நிக்குது. அது ரெண்டு மூணு மில்லிமீட்டர் உள்ள இறங்கி இருக்கணுமாம். அப்பதான் மூடி ஸ்டெம்மை அமுக்கி, பேரிங்குக்கு அழுத்தம் போகும். இங்க மூடி குழாய் மேலயே உக்காந்துருக்கு. எவ்வளவு முறுக்குனாலும் குழாயோட மல்லுக்கட்டும், பேரிங்குக்கு ஒண்ணும் போகாது. காரணம்? கடைக்காரன் போட்ட புது செட் பழசை விட உயரம் கம்மி. அந்தக் குறைக்கு ஒரு ஸ்பேசர் வளையம் போடணும். போடல. அவ்வளவுதான் விஷயம்!

பெரியவர் 5 மில்லிமீட்டர் வளையம் ஒண்ணு தேடி எடுத்துப் போட்டாரு. ஸ்டெம் பக்கவாட்டு போல்ட்டைத் தளர்த்தி, மேல் போல்ட்டை ஆட்டம் நிக்கற அளவுக்கு மட்டும் முறுக்கி, ஹேண்டிலை நேராக்கி, கடைசியா பக்கவாட்டு போல்ட். இந்த வரிசை தெரியாமத்தான் நான் அன்னிக்கு வீட்டுல மேல் போல்ட்டை மட்டும் முறுக்கிட்டு இருந்திருக்கேன். பக்கவாட்டு டைட்டா இருந்தா மேல முறுக்கி என்ன பிரயோஜனம்? அறுபது ரூபாய் வாங்குனாரு.

இதை விட வயிறு எரியற விஷயம் ஒண்ணு. "உன் பழசு குண்டு போட்டதா, சீல் பேரிங்கா?"ன்னு கேட்டாரு. கம்பெனி விவரத்தைப் போன்ல எடுத்துப் பாத்தேன். சீல்டு காட்ரிட்ஜ் பேரிங்! ஒரே வளையமா வர்றது, அதுல இருந்து குண்டு தனியா கொட்டாது. அப்ப அந்த ஆள் கையில இருந்தது எவன் வண்டி குண்டு? நல்லா இருந்த என் செட்டைக் கழட்டி வெச்சுக்கிட்டு, மலிவு குண்டு செட்டைப் போட்டு 4,650 ரூபாய் வாங்கியிருக்கான்.

என்ன பாக்கணும்னு விளக்கமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கோபத்துல வரமாட்டேங்குது. கழட்டும்போது பக்கத்துலயே நில்லுங்க, டீக்குப் போகாதீங்க. கழட்டின பழைய பொருளைக் கேட்டு வாங்குங்க. பொருள் பேர் போட்ட பில் வாங்குங்க. பிரேக் பிடிச்சு ஆட்டும்போது பிரேக் கட்டையோ சக்கரமோ ஆடுனாலும் அதே மாதிரிதான் தெரியும், விரல் வெச்சுப் பாக்காம ஹெட்செட்னு முடிவு கட்டாதீங்க. ஆட்டத்தோட மட்டும் மலை இறங்காதீங்க.

பத்து மணிக்குக் கடை திறப்பாங்க. என் பழைய பேரிங்கைக் கேட்கப் போறேன். அண்ணன் இன்னிக்கு எந்த ஊருக்குப் போயிருக்காருன்னு பாப்போம்.