ஒட்டிப்போன நஞ்சுக்கொடி: கர்ப்பப்பையை எடுப்பதா, விட்டுவைப்பதா?

முந்தைய சிசேரியன் தழும்பின் மேல் நஞ்சுக்கொடி வேரோடிவிட்டால், பிரசவத்துக்குப் பிறகு அது தானாகப் பிரியாது. பிய்த்தெடுக்க முயன்றால் ரத்தம் லிட்டர் கணக்கில் போய்விடும். ஸ்கேனில் முன்பே தெரிந்தால் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, பெரும்பாலும் 34, 35 வாரங்களில் திட்டமிட்டு சிசேரியன் செய்து, நஞ்சுக்கொடியைத் தொடாமல் கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்துவிடுவது. சிறுநீர்ப்பை காயப்படலாம், ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். ஆனால் பிரச்சினை அன்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். சூலகங்களை விட்டுவைப்பதால் ஹார்மோன் நிற்காது. இதைப் பல பெண்களுக்கு யாரும் சொல்வதே இல்லை. மாதவிடாயும் அடுத்த கர்ப்பமும்தான் இருக்காது.

இரண்டாவது வழியில் குழந்தையை எடுத்ததும் தொப்புள்கொடியை நஞ்சுக்கொடியின் அருகிலேயே கட்டி வெட்டி, நஞ்சுக்கொடியை உள்ளேயே விட்டுத் தைத்துவிடுவார்கள். அது மெல்லக் கரைய மாதக்கணக்கு ஆகும். 2010இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், இந்த வழியில் போன 167 பேரில் 78 சதவீதத்தினருக்குக் கர்ப்பப்பை தப்பியது. மீதிப் பேருக்கு உடனேயோ பின்னாலோ அதை எடுக்க வேண்டிவந்தது. நோய்த்தொற்று, வாரங்கள் கழித்துத் திடீர் ரத்தப்போக்கு என்ற அபாயம் இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று உறுதியாக இருப்பவர், ரத்த வங்கியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடியிருந்தால், இரண்டாவதைக் கேட்டுப் பார்க்கலாம். மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய தாய்க்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.